கூழுக்குப் பின் சுக்குக் காபி

முகாம் அலுவலகத்தில் யோகேஸ்வரி வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டை வாங்கினாள். சின்னத் தாள்தான். பெயர், வீட்டு எண், போகும் ஊர் கோவில்பட்டி, திரும்பும் நேரம் மாலை ஆறு மணி. கீழே ஒரு கையெழுத்து. அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஏறிய பிறகும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

எட்டயபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த அந்த அகதிகள் முகாமுக்கு அவள் புருசனோடு யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்து ஏழு வருசமாகிவிட்டது. புருசன் நடராசா பெயின்ட் வேலைக்கு ஊர் ஊராகப் போவார். மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு நாளில் வந்து வரிசையில் நின்று முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பப் போவார். யோகம் என்று எல்லோரும் கூப்பிடும் யோகேஸ்வரி முகாமை விட்டு வெளியே போவதே அரிது. போகிற இடத்தில் வாயைத் திறந்தால் "சிலோன்காரியா?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததாலேயே பயம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ராமலட்சுமி. கோவில்பட்டியில் பெண்களின் சுய உதவிக் குழுக்களை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் கூட்டமைப்பில் வேலை பார்ப்பவள். வேறு நாட்டிலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறியவர்களைக் கூப்பிட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய சமையலைக் குழுப் பெண்களுக்குச் சொல்லித்தர வைக்கலாம் என்பது அவளுடைய யோசனை. தை மாதம் பர்மாவிலிருந்து வந்த குடும்பத்து அம்மா ஒருத்தி வந்து அத்தோ என்கிற நூடுல்ஸ் செய்து காட்டினாள். மாசிக்கு யார் என்று தேடி முகாமுக்கு வந்தவள், யோகத்தின் வீட்டு வாசலில் பிளந்து காய்ந்துகொண்டிருந்த பனங்கிழங்கைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது எங்க ஊர்க் கிழங்குதானக்கா? அவிச்சுத்தான திங்கோம். நீங்க பச்சையாவா காயப் போடுதீங்க?"

"ஓம். இது காய்ஞ்சா ஒடியல். இடிச்சு மாவாக்கிக் கூழ் காய்ச்சுவம்" என்றாள் யோகம். வாய் தவறிச் சொல்லிவிட்டோமோ என்று அப்புறம் நினைத்தாள். அன்றைக்கே ராமலட்சுமி முகாம் அலுவலகத்தில் பேசி அனுமதியும் வாங்கிவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முகாம் தலைவர் கூப்பிட்டு விட்டார். "தங்கச்சி, போறது நல்லதுதான். ஆனா ஒரு பிழை வரக் கூடாது, சொல்லிப்போட்டன். உங்களால ஒரு கரைச்சல் எண்டா நாளைக்கு முழு முகாமுக்கும் சீட்டு நிண்டிடும்."

அந்த வார்த்தையையும் சீட்டோடு சேர்த்துத்தான் கொண்டுபோனாள்.

கூட்டமைப்புக் கட்டடத்தின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே பெரிய அடுப்பு, அண்டா, அரிவாள்மணை எல்லாம் தயாராக இருந்தன. பதினாறு பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவர்கள். வட்டமாக உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். யோகம் தான் எழுதிக் கொடுத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தூத்துக்குடியிலிருந்து அதிகாலை பஸ்ஸில் வந்த நண்டும் இறாலும், பயத்தங்காய், முருங்கையிலை, புளி, மிளகாய் வற்றல். கடைசியில் ராமலட்சுமி ஒரு சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தாள்.

மரவள்ளிக் கிழங்கு. மண்ணோடு, கை நீளத்துக்கு ஒவ்வொன்றும்.

"நீங்க சாமான் சீட்டுல எழுத மறந்துட்டீங்க போலக்கா. உங்க முகாம்ல ஒருத்தர்ட்ட கேட்டேன். மரவள்ளி போடாம என்ன கூழுன்னு சிரிக்காரு. நேத்தே மார்க்கெட்ல வாங்கிப் போட்டுட்டேன்."

யோகம் மறக்கவில்லை. எட்டு வருசமாக அவள் அந்தக் கிழங்கைத் தொட்டதில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஷெல்லுக்குப் பயந்து ஊரே எழும்பி மழையில் நடந்தபோது, யோகமும் புருசனும் அவர்களுடைய ஐந்து வயது மகள் கௌசியும், நடராசாவின் தங்கை மலரும் கொடிகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. யாரோ ஒருவர் தோட்டத்தில் பிடுங்கிய மரவள்ளியைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஈர விறகு, புகை, சுற்றிப் பிள்ளைகளின் அழுகை. மழைத்தண்ணீர் விழாமல் பானையை மூடி அவித்து இறக்கி, முதலில் கௌசிக்குத்தான் கொடுத்தாள். பிள்ளைக்கு அப்போது தடிமன், மூக்கு ஒழுகியது. கிழங்கு தின்று கொஞ்ச நேரத்தில் மலர் எங்கிருந்தோ ஒரு கோப்பை மல்லித் தண்ணி கொண்டுவந்து பருக்கினாள். பொழுது சாயப் பிள்ளை தின்றதையெல்லாம் சத்தி எடுத்தது. கால் துவண்டது. கண் மேலே போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வழியிலேயே முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு கிழவர் கேட்டார்: "கிழங்குக்கு மேல வேர்க்கொம்பு குடுத்தியளோ?"

இங்கே சுக்கு என்பதைத்தான் அங்கே வேர்க்கொம்பு என்பார்கள். மரவள்ளி தின்றால் இஞ்சியும் ஆகாது, வேர்க்கொம்பும் ஆகாது, இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மல்லித் தண்ணி என்றால் அதில் வேர்க்கொம்பு தட்டிப் போடாமல் யார் காய்ச்சுவார்கள்? யோகம் மலரின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "என்ர பிள்ளையக் கொண்டிட்டாய்!" மலர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அதற்குப் பிறகு யோகம் அவளோடு பேசவில்லை. நடராசாவையும் பேசவிடவில்லை. விதி, மூன்று பேரையும் ஒரே முகாமில் கொண்டுவந்து போட்டது. மலருக்கு முகாமின் கடைசி வரிசையில் வீடு. தண்ணீர்க் குழாயில் எதிரே வந்தால் யோகம் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

"என்னக்கா, கிழங்கு நல்லாயில்லையா?" என்றாள் ராமலட்சுமி.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பதினாறு பேர் முன்னால் கௌசியின் பெயரைச் சொல்ல வேண்டிவரும். தேடி வாங்கி வந்த பொருளைத் தள்ளினாள், அகதி என்றாலும் திமிரைப் பார் என்று யாராவது நினைத்தால்? "நல்ல கிழங்குதான்" என்று சொல்லிவிட்டு அரிவாள்மணையை இழுத்துப் போட்டாள்.

தோலை ஆழமாகச் சீவினாள். நடு நரம்பை உருவி எறிந்தாள். தனிப் பாத்திரத்தில், மூடி போடாமல் கொதிக்க வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தாள். மூன்று தடவை. பக்கத்தில் குந்தியிருந்த சந்தனமாரி என்கிற இளம்பெண் கேட்டாள்:

"மூடி வச்சா வெரசா வெந்துருமேக்கா. ஏன் தொறந்து போட்டுருக்கீங்க?"

"மூடக் கூடாது. அம்மா அப்பிடித்தான் செய்யிறவ" என்றாள் யோகம். அதற்கு மேல் அவள் மனசு அந்தப் பக்கம் போகவில்லை.

ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டுக் கசப்பை இறுத்தாள். நண்டும் இறாலும் வெந்த தண்ணீரில் கிழங்கையும் காயையும் போட்டு, அரைத்த மிளகாயும் புளியும் விட்டு, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டினாள். வாசனை எழும்பியதும் பெண்கள் அடுப்பைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள். பனையோலையை மடித்துப் பிளா கோலிக் காட்டினாள்.

"இது பட்டைல்லா! இதுலதான் நாங்க பதனி குடிப்போம்" என்று ஒருத்தி கைதட்டினாள். இரண்டு நிமிசத்தில் யோகத்தைவிட அழகாக எல்லோரும் மடித்துவிட்டார்கள்.

கூழ் தீர்ந்தது. சந்தனமாரி மூன்று பட்டை குடித்தாள். "இதுக்காவ காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படலக்கா" என்று வயிற்றைத் தட்டிக்காட்டிச் சிரித்தாள். யோகமும் குடித்தாள். எட்டு வருசத்துக்குப் பிறகு வாயில் பட்ட அந்தக் கிழங்கில் கசப்பு இருக்கிறதா என்று நாக்கால் தடவித் தடவிப் பார்த்து விழுங்கினாள். கசப்பில்லை. முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு வந்தது. அண்டாவை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள்.

அண்டாவைப் பாதி தேய்த்திருப்பாள். காற்றில் அந்த வாசனை வந்தது.

கருப்பட்டி, மல்லி. அதற்கு அடியில் காரமாக, மூக்கின் உச்சியைத் தொடுகிற மாதிரி, சுக்கு.

அவள் கையிலிருந்த தேங்காய் நார் விழுந்தது. கொட்டகைக்குள் ஓடினாள். நடுவயதுக்காரியான சுடலையம்மாள் பெரிய தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தம்ளர் தம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தாள். குழுவின் தலைவி அவள்தான். வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"வாங்க மதினி, உங்களத்தான் தேடுதேன். நண்டும் எறாலும் தின்ன வயித்துக்கு நம்ம ஊரு சுக்குக் காபி ஒரு மடக்கு விட்டாத்தான் செமிக்கும். நீங்க உங்க கூழத் தந்தீங்க, நாங்க எங்க காபியத் தாரோம்!"

தரையெல்லாம் காலித் தம்ளர்கள். பாதிக்கு மேல் குடித்துவிட்டார்கள். சந்தனமாரி இரண்டாவது தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

யோகம் என்ன செய்கிறோம் என்று அறியவில்லை. பாய்ந்துபோய் அந்தத் தம்ளரைத் தட்டிவிட்டாள். சூடான காபி சந்தனமாரியின் மடியில் கொட்டியது. அதே வேகத்தில் தூக்குச்சட்டியையும் காலால் எற்றிவிட்டாள். காபி மண்தரையில் ஓடியது.

"என்ன மதினி இது?" என்றாள் சுடலையம்மாள்.

நான் தந்த கூழும் நீங்கள் தந்த காபியும் சேர்ந்தால் நஞ்சு என்று எப்படிச் சொல்வது? சிலோன்காரி நஞ்சு கொடுத்தாள் என்பார்கள். போலீஸ் வரும். முகாமுக்குப் போகும். வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும். தலைவரின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"பல்லி" என்றாள். "பல்லி விழுந்திட்டுது. நான் கண்டனான்."

அதற்குப் பிறகு நடந்தது அவள் நினைத்துப் பார்க்காதது. குடித்தவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி தொண்டைக்குள் விரலை விட்டாள். "ஐயோ, நான் முழுசாக் குடிச்சிட்டேனே!" என்று இன்னொருத்தி அழுதாள். சுடலையம்மாள் மட்டும் அசையவில்லை. கவிழ்ந்த சட்டியை எடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தாள். தரையில் ஓடிய காபியைக் கையால் துழாவினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"எங்க கெடக்கு பல்லி? காட்டுங்க. தேச்சுக் கழுவி, மூடி போட்டு, துணி கெட்டிக் கொண்டாந்த சட்டி இது. இத்தன பேரு முன்னால என்னய ஏன் அசிங்கப்படுத்துதீங்க? உங்க கூழ நாங்க குடிச்சோமே, எங்க காபி உங்களுக்கு ஆகாதோ?"

அதே நேரம் சந்தனமாரி தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குடித்தது எல்லாம் வெளியே வந்தது. "யக்கா, தல சுத்துது" என்றபடி அப்படியே தரையில் சரிந்தாள்.

சத்தி எடுத்தது. கால் துவண்டது. பள்ளிக்கூடத்து மழையும் புகையும் திரும்ப வந்து கண்முன் நின்றன. அவள் முழங்காலில் விழுந்து சந்தனமாரியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

"பல்லி இல்ல. பொய் சொன்னனான். மரவள்ளிக்கு மேல வேர்க்கொம்பு குடிக்கக் கூடாது. சுக்கு... சுக்கு கூடாது. நஞ்சு. என்ர மகள் அப்பிடித்தான் செத்தவ. இவளத் தூக்குங்கோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கோ, நிக்காதேங்கோ!"

"அப்போ நீங்க தந்ததுதான் வெசமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யோகம் திரும்பிப் பார்க்கவில்லை. ராமலட்சுமிதான் முதலில் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டரம்மாவின் கிளினிக். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. ராமலட்சுமி கதவைத் தட்டிய தட்டில், மாடியில் குடியிருந்த டாக்டரம்மா ஈரத் தலையோடு இறங்கி வந்தார். சந்தனமாரியை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். சுடலையம்மாளும் மற்றப் பெண்களும் நடந்தே வந்து வாசலில் கூடிவிட்டார்கள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். யாரோ சொன்னார்கள், "சிலோன் சமையலாம், மயங்கிட்டாளாம்." யோகம் கிளினிக் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்தாள். குடித்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருடைய கண் சொருகுகிறது, யார் வயிற்றைப் பிடிக்கிறார்கள் என்று. ஒருத்தி கொட்டாவி விட்டாள். அதற்கே யோகம் பாதி எழுந்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. காலைலருந்து வெறும் வயிறு. அதுல மூணு பட்டை காரக் கூழு. அதுக்கு மேல பல்லின்னு ஒரு பயம். வாந்தி வராம என்ன செய்யும்? நாடி நல்லாருக்கு. குளுகோஸ் ஏறுது. சாயங்காலம் வீட்டுக்குப் போவா." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வேற யாருக்காவது எதாவது செய்யுதா?" என்றார். யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

"மரவள்ளிக் கிழங்கும் சுக்கும் சேந்தா வெசம்ங்காவளே டாக்டர்" என்றாள் ராமலட்சுமி.

"யார் சொன்னா? சமைச்சது யாரு?"

யோகம் எழுந்து நின்றாள். எப்படிச் செய்தாள் என்று டாக்டரம்மா கேட்டார். தோல் சீவியதையும், மூன்று தண்ணீர் கொட்டியதையும் சொன்னாள்.

"ஒழுங்காத்தான செஞ்சிருக்கீங்க. பின்ன எதுக்குப் பயம்? சுக்கு ஒண்ணும் பண்ணாதும்மா. வெசம் இருந்தா கிழங்குலதான் இருக்கும். கசப்புச் சாதிக் கிழங்கா இருந்து, சரியா வேகாம, அந்தத் தண்ணியையும் கொட்டாம குடுத்தாத்தான் ஆபத்து. அதுலயும் சத்தில்லாத சின்னப் பிள்ளைகளுக்கு."

"மூடி போட்டு அவிச்சா, டாக்டர்?" என்றாள் யோகம்.

"மூடினா அந்த ஆவி வெளிய போவாது. தொறந்து வேக வைக்கதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். கேட்டவள் எதற்குக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியாது.

வாசலில் பெண்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பயம் விட்ட சிரிப்பு. ஒருத்தி யோகத்தின் தோளைத் தொட்டு, "எங்கள உசுரோட பொதைக்கப் பாத்தீங்களேக்கா" என்றாள். சுடலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். யோகத்துக்கு எதுவும் கேட்கவில்லை. ஈர விறகு. மழைக்காக மூடிய மூடி. பிள்ளை பசியில் கத்துகிறதே என்று பாதி வேக்காட்டில் இறக்கியது. தண்ணீரைக் கொட்டினாளா? கொட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில் யார் கொட்டுவார்கள்? அந்தத் தண்ணீரில் உப்புப் போட்டு அதையும் கொடுத்தாள். தன் கையால்.

எட்டயபுரம் பஸ்ஸில் ராமலட்சுமியும் கூடவே வந்தாள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். யோகம் ஜன்னல் வழியே கம்பு அறுத்த காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகாம் வாசலில் இறங்கும்போது மணி ஆறே கால். அலுவலகத்தில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்து, "ஆறுன்னா ஆறு. அடுத்த தடவ சீட்டு கேட்டு வராதீங்க" என்றார். காலையில் இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் அவளுக்கு உயிர் போயிருக்கும். இப்போது தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். இதைவிடப் பெரிய பயம் ஒன்று கடைசி வரிசையில் காத்திருந்தது.

மலர் வாசலில் குந்தியிருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யோகம் வந்து நிற்பதைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். ஏழு வருசத்தில் யோகம் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. என்ன சண்டைக்கோ என்று மலர் இரண்டடி பின்னால் போனாள்.

"மலர்" என்றாள் யோகம். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "வேர்க்கொம்பால இல்லையாம். டாக்டர் சொன்னவ. கிழங்குதானாம். நான் மூடி போட்டு அவிச்சனான் மலர். தண்ணியையும் வடிச்சு ஊத்தேல்ல. அந்தத் தண்ணியையும் அவளுக்குப் பருக்கினனான்."

மலர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதிர்ச்சி எதையும் அந்த முகத்தில் காணோம்.

"உனக்குத் தெரியுமோ?"

"இருங்கோ மச்சாள்" என்று மலர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த மல்லித் தண்ணியில வேர்க்கொம்பே இல்ல. அந்த நேரம் வேர்க்கொம்புக்கு எங்க போறது? பக்கத்து வகுப்பில ஒரு மனுசி சேலைத் தலைப்பில முடிஞ்சு வச்சிருந்த மல்லி, ஒரு பிடிதான் தந்தவ. வெறும் மல்லி."

"அப்ப ஏன் சொல்லேல்ல? உன்ர முடியப் பிடிச்சு இழுத்தனே. ஏன் வாய் திறக்கேல்ல?"

"சொல்ல வந்தனான். உங்கட முகத்தப் பாத்தன். வேர்க்கொம்பு இல்லையெண்டு சொன்னா பிறகு கிழங்குதான் எண்டு வரும். கிழங்கு அவிச்சது நீங்கள். அண்டைக்கே கிணத்தில குதிச்சிருப்பியள். என்னோட கோவிச்சுக்கொண்டாவது உயிரோட இருக்கட்டும் எண்டு விட்டன். நாள் போகப் போகச் சொல்ல இன்னும் பயமாப் போச்சு."

யோகம் மலரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை சின்னதாக, விறைப்பாக, வெடிப்பு விழுந்து இருந்தது. தனியாக, அண்ணன் இருந்தும் இல்லாமல் எட்டு வருசம்.

"அண்ணனிட்டச் சொல்லாதேங்கோ" என்றாள் மலர். "அவன் தாங்கமாட்டான். உங்களையும் விட்டிட்டுப் போயிடுவான்."

அதே பயம்தான் யோகத்துக்கும். மூன்று நாள் அதோடு கிடந்தாள். நாலாம் நாள் ராமலட்சுமி வந்தாள். சந்தனமாரி மறுநாளே வேலைக்குப் போய்விட்டாளாம். முகாம் அலுவலகத்தில் பேசிவிட்டாளாம், பங்குனி வகுப்புக்குச் சீட்டு கிடைக்குமாம். "புட்டு செய்யச் சொல்லுங்கன்னு கேக்காவ. சுடலையம்மா அக்காதான் இன்னும் கோவமா இருக்காவ. பல்லின்னு சொன்னீங்கல்லா, அதத் தாங்க முடியலயாம். அவிய வகுப்புக்கு வரமாட்டாவளாம்."

"அவவின்ர வீட்டுக்கு முதல்ல கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் யோகம். "மன்னிப்புக் கேட்டிட்டுத்தான் அடுப்புப் பத்த வைப்பன். இன்னொரு ஆளையும் கூட்டி வருவன். என்ர மச்சாள். எனக்குச் சமையல்ல துணை வேணும்."

கணக்கெடுப்பு நாளில் நடராசா வந்தார். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, பெயின்ட் ஒட்டியிருந்த கையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். யோகம் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "கௌசிக்கு நான் அவிச்ச கிழங்கு..." என்று தொடங்கினாள். மூடியைச் சொன்னாள். தண்ணீரைச் சொன்னாள். வெறும் மல்லியைச் சொன்னாள். ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள். துடைத்துக்கொண்டிருந்த துணி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"அவளும் நீயும் சேர்ந்து என்னத்த எல்லாம் சுமந்திருக்கிறியள்" என்றார் கடைசியில். எழும்பிச் சட்டையைப் போட்டார். பொத்தானை மாற்றிப் போட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. படலையைத் திறந்துகொண்டு போனார்.

விட்டுவிட்டுப் போகிறாரோ? யோகம் எழும்பி வாசலுக்கு ஓடினாள். பஸ் நிற்கும் ரோடு இடது கைப்பக்கம். அவர் வலது கைப்பக்கம், கடைசி வரிசையை நோக்கி, வீட்டு எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். தங்கச்சியின் வீடு எது என்று அவருக்கு அப்போதுதான் தேட வேண்டியிருந்தது.